பெரியம்மாவின் அடிச்சட்டம்

பிப்ரவரி 3

டிரைவர் அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். பன்னிரண்டு வருடம் டிரிப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே இருந்த கையெழுத்து இது.

உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். "அப்பாவுக்குக் காதுகிட்ட கத்தினாத்தான் கேக்கும் சிஸ்டர். போன்ல யாரு என்ன கேட்டாலும் 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னுதான் சொல்வாரு. எழுதிப் போடுங்க" என்று விலாசம் கொடுத்தாள். எனக்கும் அதுதான் வசதி. நேரில் பேச நமக்குள் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பதினோரு வருடமாகக் கிடந்த நம் 'பெரியம்மா' வண்டியைப் பழைய இரும்பு என்று ஏலம் விட்டார்கள். நான் எடுத்துவிட்டேன். எனக்குப் பைத்தியம் என்று அக்கா சொல்கிறாள். மழைக்காலத்தில் மேலே உள்ள ஊர்களுக்கு இன்றைக்கும் ஒரு வண்டி கிடையாது. என் இடத்துக்கு வந்திருக்கும் சின்ன சிஸ்டர் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறுகிறாள். ஓய்வு பெற்று வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றி, அடிச்சட்டத்திலிருந்து திரும்பக் கட்டப்போகிறேன். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டும் ஒரு கடைசல்காரர் இருக்கிறார். வாய் அதிகம், ஆனால் வேலை சுத்தம். அவர் உதவுகிறார்.

உங்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. பெரிய கியர் தடிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் தடி மூன்று இடத்தில் நிற்கிறது. எந்த இடம் எதற்கு? மேல்கூண்டை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள் எட்டையும் கழற்றிவிட்டோம், கூண்டு இம்மியும் அசையவில்லை. ஏன்? பின் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை குறைகிறது. அது எங்கே போனது?

பதில் எழுதுவது உங்கள் இஷ்டம்.

நர்ஸ்


பிப்ரவரி 14

நர்ஸம்மாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நல்லா இருக்கேன். (மகள் உங்களிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது.)

சின்னத் தடியை உங்கள் பக்கம் இழுத்தால் சாதாரண ஓட்டம். நடுவில் நிறுத்தினால் வண்டி எங்கும் போகாது, எஞ்சின் மட்டும் கத்தும். முன்னால் தள்ளினால் நாலு சக்கரமும் பிடிக்கும். தள்ளும்போது வண்டி நின்றிருக்க வேண்டும். அவசரப்பட்டால் பல் போய்விடும், பெரியம்மாவின் பல்.

போல்ட்டுகள் மொத்தம் பத்து. மீதி இரண்டு என் இருக்கைக்கு அடியில் ஒரு தகரத்துக்குக் கீழே இருக்கும். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் அந்தத் தகரத்தை நான்தான் அடித்தேன்.

ஸ்பிரிங் பட்டையையும் நான்தான் எடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களைப் பின்னால் உட்கார வைத்து இறங்கும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போட்டது. நீங்கள் அவர்களுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை முறைப்பீர்கள், கண்ணாடியில் தெரியும். ஒரு பட்டையை உருவியதும் கொஞ்சம் அடங்கியது. ஆபீஸில் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. இப்போது சுமை ஏற்றுவதாக இருந்தால் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

பெரியம்மா இன்னும் இருக்கிறாள் என்று தெரிந்ததில் சந்தோஷம். எடுத்ததற்கெல்லாம் முணுமுணுத்தாலும் யாரையும் வழியில் விட்டுவிட்டு வரமாட்டாள் என்றுதானே அந்தப் பெயர் வைத்தீர்கள். நீங்கள் எழுதினீர்கள் என்பதே எனக்குப் போதும். இன்னும் எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

டிரைவர்


மார்ச் 9

டிரைவருக்கு,

பத்தாவது போல்ட் வெளியே வந்ததும் செயின் பிளாக்கில் கூண்டைத் தூக்கிவிட்டோம். கீழே அடிச்சட்டமும் நாலு சக்கரமும் மட்டும். கடைசல்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உங்க பெரியம்மா ரொம்ப இளைச்சுட்டாங்கம்மா" என்றார். இப்போது எல்லாம் கழற்றியாயிற்று: எஞ்சின் தனியாக, கியர்பெட்டி தனியாக, அச்சு இரண்டும் தனியாக என் முன்னறையில் கிடக்கின்றன. அக்கா வந்தால் உட்கார நாற்காலி இல்லை. மண்ணெண்ணெய் வாடை எனக்குப் பழகிவிட்டது, அவளுக்குப் பழகவில்லை. அவள் வருவது குறைந்திருக்கிறது, அதையும் வண்டியின் புண்ணியம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பட்டை விஷயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பள்ளம் குறைந்ததற்கு ரோடு போட்டவர்களைப் பாராட்டிக்கொண்டு இருந்தேனே!

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தினமும் வலது கையால் துருவைத் தேய்க்கிறேன். இடது கை சும்மா பக்கத்தில் கிடக்கிறது. மூன்று விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. எத்தனை குழந்தைகளை வாங்கிய கை! அந்த விபத்துக்குப் பிறகு வேலையில் இருந்த ஒன்பது வருடமும் பதிவேட்டில் பெயர் எழுதுவதோடு சரி. பக்கத்து அறையில் ஒருத்தி வலியில் கத்துவாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் வார்டுக்கு வந்த அன்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். "தூங்கலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வண்டியில் கொட்டாவி விடாதவர் நீங்கள். அப்படிப்பட்டவர் 'கண் அசந்துவிட்டேன்' என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதற்கு மேல் நான் என்ன செய்வது?

போகட்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். அடிச்சட்டத்தை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்கப்போகிறோம். முன்பக்கம் தார் பூசியிருப்பதால் துரு இல்லை, அதைத் தொட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நர்ஸ்


மார்ச் 20

நர்ஸம்மா,

அவசரமாக எழுதுகிறேன். பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

முன்பக்கம் ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடத்தில் தாரை முழுக்கச் சுரண்டுங்கள். சுத்தமான இரும்பு தெரிய வேண்டும். கடைசல்காரரை நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் அதன்மேல் எதையும் ஏற்றாதீர்கள்.

ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிரைவர்


ஏப்ரல் 6

அண்ணே,

பதினோரு வருடத்துக்குப் பிறகு இப்படிக் கூப்பிடுகிறேன். கோபமாக இருந்தால் கிழித்துப் போடுங்கள், ஆனால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சுரண்டினோம். தார் விரல் தடிமனுக்கு இருந்தது, அரை நாள் ஆயிற்று. உள்ளே ஸ்டியரிங் பெட்டியைப் பிடிக்கும் போல்ட் ஓட்டையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி அடிச்சட்டத்தின் பாதிவரை ஓடியிருந்தது. அதன்மேல் வெல்டிங். வெல்டிங்கை ஒட்டியே இரும்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கடைசல்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்ததை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். பிறகு சொன்னார்: "இது மோதினதால உடைஞ்சது இல்லம்மா. உடைஞ்சதாலதான் மோதியிருக்கு. ஸ்டியரிங் பெட்டியே கையோட கழண்டு வந்துட்டா, சக்கரம் எப்படித் திரும்பும்? மனுஷன் சும்மா வளையத்தைச் சுத்திக்கிட்டு இருந்திருப்பாரு."

நீங்கள் தூங்கவில்லை.

பட்டறை வாசலில் ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்து அழுதேன். கடைசல்காரர் டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணே, வார்டில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனே, அந்த முதுகுக்காக என்னை மன்னியுங்கள். உங்கள் மனைவி இறந்துபோனபோதுகூட நான் ஒரு வரி எழுதவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்கிறேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? ஓட்டை வண்டியைக் கொடுத்தது ஆபீஸ். பழியை ஏன் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள்? வேலை போயிற்று, லைசென்ஸ் போயிற்று. இப்போதாவது மேலே எழுதிப்போடலாம், நான் சாட்சி சொல்கிறேன்.

உடனே பதில் போடுங்கள்.

தங்கை


ஏப்ரல் 29

அண்ணே, பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மகளிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்காரு சிஸ்டர், பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறாரு" என்கிறாள். எடுத்ததை வைக்காமல் எழுதுங்கள்.


மே 17

நர்ஸம்மாவுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஆபீஸுக்கு எழுத வேண்டாம். அந்த வெல்டிங்கை வைக்கச் சொன்னது நான்தான்.

மழை தொடங்கும்போதே விரிசலைப் பார்த்துவிட்டேன். பெரிய பட்டறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அங்கே போனால் மூன்று மாதம் திரும்பாது. அந்த மூன்று மாதம்தான் மேலே உள்ளவர்களுக்கு நம்மை விட்டால் நாதியில்லாத மாதம். அதனால் ரோட்டோரத்தில் ஒருவரிடம் வெல்டிங் வைத்து, மேலே தார் பூசி, மழை நின்றதும் அனுப்பலாம் என்று ஓட்டினேன். தினமும் காலையில் அடியில் படுத்துப் பார்ப்பேன். கடைசிப் பத்து நாளில் வெல்டிங்குக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. தார்க்கோடாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது தார்க்கோடு இல்லை என்று எனக்கே தெரியும்.

அன்று இறங்கும்போது மூன்றாவது வளைவில் வளையம் கையில் சும்மா சுற்றியது. கியரை இறக்கினேன், கைபிரேக்கை இழுத்தேன். வண்டி பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் போனது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ரோடு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

தூங்கிவிட்டேன் என்று எழுதினால் அது ஒரு நிமிடத்துத் தப்பு. தெரிந்தே ஓட்டினேன் என்றால் அது மூன்று மாதத்துத் தப்பு. வார்டில் நின்றபோது அதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் கைக்கட்டைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. நீங்கள் முதுகைக் காட்டியது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் நின்றிருக்க முடியாது.

ஆகவே மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். இதைப் படித்த பிறகு 'அண்ணே' என்ற சொல்லை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் அது நியாயம்தான்.

டிரைவர்


மே 30

அண்ணே,

சொல்லைத் திரும்ப எடுப்பதாக இல்லை.

முதல் இரண்டு நாள் உங்கள்மேல் கொலைக் கோபம். இரும்புத் தூரிகையை எடுத்துத் தேய்த்த தேய்ப்பில் பின் அச்சு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு ஞாபகம் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடப் பொய். அது அங்கேயேதான் இருந்தது, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படியில் நின்று சொன்னீர்கள்: "நர்ஸம்மா, வண்டிக்கு அடியில ஒரு சின்ன வேலை இருக்கு. பட்டறைக்கு அனுப்பணும்." நான் என்ன சொன்னேன்? "மழை முடியட்டும்ணே. ஆபீஸ்ல கேட்டா நான் பொறுப்பு, எழுதியே தர்றேன்." சொன்னதோடு நிற்காமல் டிரிப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். மழை முடியும்வரை வண்டியை அனுப்ப இயலாது என்று எழுதி, கீழே என் கையெழுத்து, தேதி. சின்ன வேலை என்று நீங்கள் சொன்னீர்கள். எவ்வளவு சின்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அனுப்ப வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

விசாரணையில் அந்தப் புத்தகத்தை எல்லோரும் புரட்டினார்கள். என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் எங்கே அண்ணே?

நீங்கள் வாயைத் திறந்திருந்தால் அடுத்த கேள்வி 'ஏன் அனுப்பவில்லை' என்பதாகத்தான் இருந்திருக்கும். அதற்கடுத்து என் பெயர். கையும் போய், வேலையும் போயிருக்கும். நான் சாப்பிட்ட ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் நீங்கள் உங்கள் வேலையைக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். நான் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே உங்களைத் திட்டியிருக்கிறேன்.

என்னுடைய பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன், பிரசவங்களை எனக்காக எழுதிவைத்த நோட்டு. அந்த மூன்று மாதத்தில் பத்தொன்பது. அதில் ஒன்று இரட்டை. ஒருத்தி, மேல்வளைவில் ஆடு வளர்ப்பவரின் மனைவி, நஞ்சுக்கொடி இறங்காமல் ரத்தம் போய்க்கொண்டே இருந்தவள். வண்டி இல்லாமல் இருந்தால் அன்று மாலையைப் பார்த்திருக்க மாட்டாள். போன வாரம் சந்தையில் அவளைப் பார்த்தேன். தக்காளி விற்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, அந்தச் சண்டை!

நாம் செய்தது சரி என்று சொல்லவரவில்லை. தப்புதான். ஆனால் அதை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். நீங்கள் ஒருவராகத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். பாதியைக் கொடுங்கள்.

நன்றி என்ற சொல்லை ஊசி போடுவதுபோல் சட்டென்று போட்டுவிட வேண்டும், தயங்கினால்தான் வலிக்கும். நன்றி அண்ணே. பட்டைக்கு, தகரத்துக்கு, அந்தப் பக்கத்துக்கு. பெயிண்ட் அடிக்காதே என்று எழுதினீர்களே, அதற்கு. அந்தக் கடிதம் போட்டால் எல்லாம் வெளியே வரும் என்று தெரிந்தும் போட்டீர்கள்.

உடைந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, கடைசல்காரர் புது இரும்பு வைத்து ரிவெட் அடித்திருக்கிறார். வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றேன். ஆகஸ்டில் ஓடும். வாருங்கள். முதல் ஓட்டம் நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

தங்கை


ஜூன் 8

நர்ஸம்மாவுக்கு,

அந்தப் பக்கத்தை அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். என் மனைவி அதில் வெந்நீர் வைத்தாள். இனி யாரும் கேட்க முடியாது, நீங்களும் கேட்காதீர்கள்.

பாதியைக் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க மனமில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சாப்பாடு இறங்குகிறது என்று மகள் சொல்கிறாள்.

வருகிறேன். ஓட்ட மாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் பெரியம்மாவைத் தொட மாட்டேன். நீங்கள் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், நேரம் இருக்கிறது.

டிரைவர்


செப்டம்பர் 2

நர்ஸம்மாவுக்கு,

நேற்று மதியம் வீடு வந்து சேர்ந்தேன். நல்லா இருக்கேன். இந்தத் தடவை உண்மையாகவே.

அங்கே இருந்த மூன்று நாளும் எனக்குப் பேச வரவில்லை. நீங்கள் கத்திக் கத்திப் பேசி உங்கள் தொண்டை கட்டிக்கொண்டது, நான் தலையாட்டியதோடு சரி. அதனால் எழுதுகிறேன்.

பட்டறை வாசலில் பெரியம்மா நின்றதைப் பார்த்ததும் முதலில் கீழே படுத்து அடியில்தான் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். ரிவெட்டை ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். கடைசல்காரரின் வேலை என்னை விடப் பல வருடம் இருக்கும், அவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டியரிங் வளையத்தில் அவர் உங்களுக்காக ஒரு குமிழ் பொருத்தியிருக்கிறாரே, ஒரே கையால் சுற்றுவதற்கு, அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். நீங்கள் நம்பவில்லை என்று தெரியும்.

ஒரு வண்டியில் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எங்கே கையை வைப்பது, எங்கே காலை வைப்பது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகத் தரையை அழுத்தியது. "அண்ணே, அங்க பிரேக் இல்ல!" என்று என் காதருகே கத்தினீர்கள். பின்னால் சின்ன சிஸ்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்கள். இரண்டாவது கியருக்கு மாற்றும்போது மட்டும் அவசரம். பொறுமையாக மாற்றுங்கள்.

மூன்றாவது வளைவு வந்தபோது வண்டியை நிறுத்தினீர்கள். சின்னத் தடியைத் தள்ளி, மெதுவாக ஏற்றினீர்கள். வளையம் திரும்பியது, சக்கரமும் திரும்பியது. மலைச்சுவரில் நாம் மோதிய இடத்தில் இப்போது பாசி படர்ந்திருக்கிறது. நான் அங்கே அதிக நேரம் பார்க்க முடியாமல் எதிர்ப்பக்கம் திரும்பினேன்.

அங்கே ஒரு அருவி இருக்கிறது, நர்ஸம்மா. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பாறையின் இடுக்கிலிருந்து வெள்ளையாக, ஒரு வேட்டியைப் பிரித்துத் தொங்கவிட்ட மாதிரி. பன்னிரண்டு வருடம் அந்த வழியாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுத்ததில்லை. காது நன்றாக இருந்த காலத்தில்கூட எஞ்சின் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

நான் சிறுபிள்ளை மாதிரி உங்கள் தோளைத் தட்டி அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். நீங்கள் திரும்பவே இல்லை. கண் ரோட்டிலேயே இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு. அப்படியே கத்தினீர்கள்:

"தெரியும்ணே! நீங்க ஓட்டுனீங்க, பன்னெண்டு வருஷமும் நான் பார்த்துக்கிட்டே வந்தேன். இன்னிக்கு நீங்க பாருங்க!"

பார்த்தேன்.

டிரைவர்